கழிமுகத்தில் எடுத்த படம்

2023 டிசம்பர் முதல் வாரம். மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் சென்னை மூழ்கிக் கிடந்தது. மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருக்கும் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு எண்ணெயும் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலை ஆற்றுக்கு வந்து சேர்ந்தது. அந்த ஆறு கடலில் கலக்கும் இடம் முகத்துவாரக்குப்பம். ஃபைபர் படகின் அடிப்பாகம், வலை, கயிறு, கரையோரச் செடி என்று எதைத் தொட்டாலும் கையில் கறுப்பு ஒட்டியது. காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் எல்லா இடத்திலும் அதே கதை. கரையில் நின்றவர்கள் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள்.

இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஓர் அனுபவம் இருக்கிறது. 2017 ஜனவரி 28 அன்று, இதே கரைக்கு எதிரே காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே, பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை என்றுதான் துறைமுகத்திலிருந்து முதல் அறிவிப்பு வந்தது. சில நாட்களில் எர்ணாவூர்க் கரையில் தொண்டர்கள் வாளிவாளியாக எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தார்கள். அறிவிப்பில் இருந்ததற்கும் கரையில் கிடந்ததற்கும் எவ்வளவு தூரம் என்பதை ஊருக்குக் காட்டியவை படங்கள்தாம்.

படம் என்றால் கண்ணுக்குத் தெரியும் காட்சி மட்டும் இல்லை. போன் எடுக்கும் ஒவ்வொரு படக்கோப்புக்குள்ளும் எக்ஸிஃப் என்ற குறிப்பு மறைந்திருக்கிறது. எடுத்த நாள், மணி, நிமிடம், நொடி, கேமராவின் மாடல், இருப்பிடச் சேவை இயக்கத்தில் இருந்தால் அட்சரேகை தீர்க்கரேகை எல்லாம் அதில் இருக்கும். அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால், செயலி அதைச் சுருக்கி, இந்தக் குறிப்புகளையும் கழற்றிவிட்டுத்தான் அனுப்புகிறது. பத்துப் பேர் கை மாறி வந்த படத்தைக் காட்டி, எந்த ஊர், எந்த வருடம் என்று கேட்டால் படத்துக்குள் பதில் இருக்காது. ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். ஆனால் அதற்கு இணையம் வேண்டும். புயல் நாட்களில் மின்சாரம் போய், டவரும் படுத்துவிட்டால் என்ன செய்வது?

கேபிள் போட்டு இழுக்கலாம். முடிந்தால் அதுதான் சிறந்த வழி. ஆனால் வீட்டில் கிடக்கும் கேபிள்களில் பல சார்ஜ் ஏற்ற மட்டுமே ஆகும். உள்ளே தகவல் கம்பியே இருக்காது. கடல்தண்ணீர் பட்ட போனோ, துவாரத்தில் ஈரம் என்று எச்சரித்து கேபிளையே ஏற்க மறுக்கும். மிஞ்சுவது புளூடூத். டவர் வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம், இரண்டு பேட்டரிகளில் உயிர் இருந்தால் போதும். ஒரு பிட்கூட மாறாமல் ஒரு படம் போனிலிருந்து லினக்ஸ் கணினிக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்பதுதான் இந்த அத்தியாயம்.

கணினியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். லினக்ஸ் இயங்குதளம் என்றால் பெரிய கம்பெனிகளின் சர்வர் அறையில் இருப்பது என்று நினைப்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் அது பள்ளிப் பிள்ளைகளின் கைக்கே வந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசு நிறுவனமான எல்காட் வாங்கிக் கொடுத்த அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு ‘போஸ்’ லினக்ஸும் ஏற்றப்பட்டிருந்தது. போஸுக்கு வேர் சென்னையிலேயே இருக்கிறது. 2005-இல் சி-டாக் நிறுவனமும், குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் இருக்கும் ஏயூ-கேபிசி ஆராய்ச்சி மையமும் சேர்ந்து தொடங்கிய திறந்த மூல மென்பொருள் மையத்தில், டெபியன் லினக்ஸை அடித்தளமாக வைத்து அது உருவானது. பத்து வருடத்துக்கு மேல் ஆன இப்படி ஒரு கணினி வீட்டுப் பரணில் கிடந்தால், பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். புது விண்டோஸை அது தாங்காது. எடை குறைந்த ஒரு லினக்ஸை நன்றாகவே தாங்கும். புளூடூத் இல்லாத கணினி என்றால், நகம் அளவுக்கு யூஎஸ்பி டாங்கிள் ஒன்று செருகினால் போதும். அதற்கான டிரைவர் பெரும்பாலும் லினக்ஸின் கருவுக்குள்ளேயே இருக்கும்.

இனி காற்றுக்கு வருவோம். புளூடூத் பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். 1947-இல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய உலக மாநாட்டில், தொழிற்சாலை, அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென்று ஒதுக்கிய துண்டுகளில் ஒன்று அது. இந்தியாவில் 2005-இல், 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்தியில் யார் வேண்டுமானாலும் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று விதி வந்தது. இன்று வைஃபை, கம்பியில்லா மவுஸ், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் நெருக்கியடிப்பது இதற்குள்தான்.

இந்த அலையின் நீளம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர். இதற்குப் பெரிய எதிரி தண்ணீர். தண்ணீர் மூலக்கூறின் ஒரு முனையில் நேர்மின் சாயலும் மறுமுனையில் எதிர்மின் சாயலும் உண்டு. அலையின் மின்புலம் திசை மாற மாற மூலக்கூறும் புரள முயன்று, பக்கத்து மூலக்கூறுகளோடு இழுபட்டு, அலையின் ஆற்றலைச் சூடாக மாற்றிவிடுகிறது. உப்புத் தண்ணீரில் அயனிகளும் சேர்ந்துகொள்வதால் இன்னும் மோசம்; இரண்டு மூன்று சென்டிமீட்டர் போவதற்குள் அலை ஏறக்குறைய செத்துவிடும். மனித உடம்பிலும் பெரும்பங்கு உப்புத் தண்ணீரே. போனை மடியில் செருகிக்கொண்டு கணினிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் இணைப்பு அறுந்துபோவது அதனால்தான். ஈரத் தார்ப்பாய், ஐஸ் பெட்டி, நனைந்த வலைக்குவியல் எதுவும் நடுவில் வேண்டாம். ஒரே மேசையில் இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். சாதாரணக் கருவி அனுப்பும் சக்தி 2.5 மில்லிவாட், எட்டும் தூரம் சுமார் பத்து மீட்டர்.

பத்து மீட்டர் ரேடியோவால் கடலில் என்ன பயன் என்று கேட்கலாம். கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டினால் போனுக்கு டவர் கிடைப்பது அரிது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை சேரவில்லை; அதன் விலையை கன்னியாகுமரிக் கரை உயிர்களாகக் கொடுத்தது. அதற்குப் பிறகு ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம், இந்திய விமான நிலைய ஆணையத்தோடு சேர்ந்து ஜெமினி என்ற கருவியைக் கொண்டுவந்தது. 2019 அக்டோபரில் அது வெளியானது. விமானங்களுக்கு வழிகாட்ட ஏற்பட்ட ககன் செயற்கைக்கோள் சேவையின் வழியாகப் புயல், அலை, மீன் கிடைக்கும் பகுதி பற்றிய செய்திகளை இந்தக் கருவி வாங்குகிறது. வாங்கியதைப் படகிலிருக்கும் போனுக்குக் கொடுப்பது புளூடூத். வானத்திலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வந்த செய்தி, கடைசி இரண்டு மீட்டரைக் கடப்பது நாம் பேசிக்கொண்டிருக்கும் இதே வழியில்தான். ஒரு குறை மட்டும் என்னை உறுத்துகிறது: இது ஒருவழிப் பாதை. படகிலிருந்து ‘ஆபத்து’ என்று திருப்பிச் சொல்ல ஜெமினியால் முடியாது.

வைஃபை, மவுஸ், அடுப்பு என்று ஒரே அலைவரிசையில் நெருக்கும் இத்தனை கூட்டத்துக்குள் ஒரு போனும் ஒரு கணினியும் எப்படித் தடங்கலின்றிப் பேசிக்கொள்கின்றன? ஒரே இடத்தில் நின்று பேசாமல் தாவிக்கொண்டே இருப்பதால். வழக்கமான புளூடூத் தன் அலைவரிசையை ஒரு மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள 79 தடங்களாகப் பிரித்துக்கொள்கிறது. நொடிக்கு 1,600 முறை தடம் மாறுகிறது. ஒரு தடத்தில் தங்குவது 625 மைக்ரோநொடி. அடுத்த தடம் எது என்பதை ஒரு கருவியின் முகவரியையும் கடிகாரத்தையும் வைத்து இரண்டு பக்கமும் கணக்கிட்டுக்கொள்கின்றன. பக்கத்து வீட்டு வைஃபை எந்தத் தடங்களில் இரைகிறது என்று கவனித்து அவற்றை விலக்கிவிடும் திறமை 2003-இல் வந்த 1.2 பதிப்பில் சேர்ந்தது.

தேடும்போது பத்து நொடி காத்திருக்க வேண்டியிருப்பதும் இதனால்தான். இன்னும் அறிமுகமாகாத இரண்டு கருவிகளுக்குப் பொதுக் கடிகாரம் கிடையாது. தேடுகிற கருவி, இதற்கென்றே வைத்திருக்கும் 32 தடங்களில் வேகவேகமாகக் குரல் கொடுக்கிறது. கேட்கிற கருவி அவற்றில் எப்போதாவது ஒன்றைத் திறந்து காது கொடுக்கிறது. இரண்டும் ஒரே தடத்தில் சந்திக்க வேண்டும். அதற்கு முறைப்படி ஒதுக்கியிருக்கும் நேரம் 10.24 நொடி. எதுவும் தெரியவில்லையே என்று மூன்றாவது நொடியில் நிறுத்தி மறுபடி தேடத் தொடங்குபவர், அந்தச் சந்திப்பைத் தானே கலைக்கிறார்.

கண்டுகொண்ட பிறகு நடப்பது, என் மனதுக்கு, இந்தத் தொழில்நுட்பத்தின் மிக அழகான பகுதி. காற்றில் போவதை எல்லோரும் கேட்கலாம். காசிமேட்டு மீன் ஏலத்தில் நின்றுகொண்டு, சுற்றியிருக்கும் அத்தனை பேர் காதிலும் விழும்படி இரண்டு பேர் பேசி, அந்தப் பேச்சின் வழியாகவே வேறு யாருக்கும் தெரியாத ஓர் எண்ணை ஒப்புக்கொள்ள வேண்டும். முடியுமா? முடியும் என்று 1976-இல் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் காட்டினார்கள்.

சின்ன எண்களில் நீங்களே போட்டுப் பாருங்கள். எல்லோருக்கும் தெரிந்த எண்கள் 3, 17. போன் தன் மனதுக்குள் 7 என்று வைத்துக்கொள்கிறது. 3-ஐ ஏழு முறை பெருக்கினால் 2,187; அதை 17-ஆல் வகுத்தால் மீதி 11. இந்த 11-ஐ மட்டும் உரக்கச் சொல்கிறது. கணினி தனக்குள் வைத்திருப்பது 6. 3-ஐ ஆறு முறை பெருக்கினால் 729. 17-ஆல் வகுத்த மீதி 15. அது 15-ஐ உரக்கச் சொல்கிறது. இப்போது போன், தான் கேட்ட 15-ஐத் தன் ரகசியமான ஏழு முறை பெருக்கி 17-ஆல் வகுக்கிறது; மீதி 8. கணினி, தான் கேட்ட 11-ஐ ஆறு முறை பெருக்கி வகுக்கிறது. அங்கேயும் மீதி 8. காற்றில் போனவை 3, 17, 11, 15. எட்டு காற்றில் போகவே இல்லை. ஆனாலும் இருவரிடமும் இருக்கிறது. இவ்வளவு சின்ன எண்ணில் ஒட்டுக்கேட்பவர் முயன்று பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். 2007-இல் வந்த 2.1 பதிப்பிலிருந்து புளூடூத் இதே யோசனையை நீள்வட்ட வளைகோடுகள் என்ற கணிதத்தின் மேல், பல பத்து இலக்க எண்களைக் கொண்டு செய்கிறது. அங்கே முயன்று பார்ப்பது நடக்கிற காரியம் இல்லை.

இதிலும் ஓர் ஓட்டை மிஞ்சுகிறது. ரகசியத்தை ஒப்புக்கொண்டீர்கள், சரி, யாரோடு? மூன்றாவது கருவி ஒன்று நடுவில் புகுந்து, போனிடம் தன்னைக் கணினி என்றும் கணினியிடம் தன்னைப் போன் என்றும் சொல்லலாம். அதைப் பிடிக்கத்தான் இரண்டு திரையிலும் ஆறு இலக்க எண் வருகிறது. அது கடவுச்சொல் இல்லை. பரிமாறிக்கொண்ட எண்களிலிருந்து இரண்டு பக்கமும் தனித்தனியே கணக்கிட்ட விடை அது. நடுவில் ஆள் இருந்தால், இந்தப் பக்கம் ஒரு பேச்சு, அந்தப் பக்கம் ஒரு பேச்சு நடந்திருக்கும், எண்கள் ஒத்துப்போகாது. தற்செயலாக ஒத்துப்போகும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று. பலர் இந்த எண்ணைக் கையால் மறைத்துக்கொள்கிறார்கள். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்காமலே ‘சரி’ என்று அழுத்துகிறார்கள். செய்ய வேண்டியது நேர்மாறு. எண்ணை யார் பார்த்தாலும் கவலையில்லை, சத்தமாகவே படிக்கலாம். இரண்டு திரையிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் உங்கள் வேலை. உங்கள் கண் அதை ஒரு நொடி பார்க்காவிட்டால் மேலே சொன்ன கணிதம் முழுவதும் வீண்.

லினக்ஸில் இதையெல்லாம் நடத்துவது புளூஸீ என்ற மென்பொருள். குவால்காமில் இருந்த மாக்ஸ் கிராஸ்னியான்ஸ்கி எழுதத் தொடங்கி, 2001-இல் லினக்ஸ் கருவின் 2.4.6 பதிப்பில் அது இடம்பெற்றது. ஆண்ட்ராய்டு போனும் லினக்ஸ் கருவின் மேல்தான் ஓடுகிறது, 2012-இல் 4.2 பதிப்பு வரும்வரை ஆண்ட்ராய்டிலும் புளூஸீதான் இருந்தது. யாரும் திறந்து படிக்கலாம் என்பதால் குறையே இருக்காது என்று நினைக்கக் கூடாது. 2017-இல் வெளியான ‘புளூபோர்ன்’ ஓட்டைகள் லினக்ஸையும் தாக்கின. ஆனால் எந்த வரியில் தவறு, எந்த வரியால் திருத்தினார்கள் என்பதை எவரும் பார்க்க முடிந்தது. புளூடூத் சில்லுக்குள் ஓடும் நிரல் பெரும்பாலும் இன்னும் மூடியே இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

செய்முறை எளிது. கணினியின் அமைப்புகளில் புளூடூத் பக்கத்தைத் திறங்கள். போனிலும் அதே பக்கத்தைத் திறந்தே வையுங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்கள் அந்தப் பக்கம் திறந்திருக்கும்போது மட்டுமே பிறர் கண்ணுக்குத் தெரியும். புளூஸீயும் வழக்கமாக மூன்று நிமிடத்துக்குத்தான் கணினியைக் காட்டிக்கொடுக்கும். திரையில் பொத்தானை அழுத்திப் பயனில்லை என்றால் கட்டளைத் திரையான டெர்மினலில் ‘புளூடூத்சிடிஎல்’ என்ற கட்டளையைத் தட்டி, வரிசையாக ‘பவர் ஆன்’, ‘ஏஜென்ட் ஆன்’, ‘ஸ்கேன் ஆன்’ கொடுங்கள். போனின் முகவரி வந்ததும் ‘பேர்’ என்று தட்டி அந்த முகவரியைச் சேர்க்க வேண்டும். எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில். படம் போட்ட சாளரத்தைவிட இந்தக் கறுப்புத் திரை எனக்குப் பிடிக்கும். எந்தப் படியில் நின்றுபோனது என்று அது சொல்லிவிடும்.

இரண்டு இடங்களில்தான் ஆட்கள் அதிகம் சோர்ந்து போகிறார்கள். முதலாவது, இணைந்த மறுகணமே ‘துண்டிக்கப்பட்டது’ என்று காட்டுவது. அது பழுது இல்லை. ரகசியத்தை ஒப்புக்கொள்வது வேறு, ஒரு வேலைக்காகத் தொடர்பு திறப்பது வேறு. போனும் கணினியும் ஒன்றையொன்று ஞாபகம் வைத்துக்கொண்டு அமைதியாக இருக்கின்றன. படத்தை அனுப்பும்போது தொடர்பு தானே திறக்கும். இரண்டாவது, விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் கணினிகளில் வருவது. சில்லு ஒன்று, முகவரி ஒன்று. ஆனால் ரகசிய எண்ணை இரண்டு இயங்குதளங்களும் தனித்தனியே எழுதிவைக்கின்றன. நேற்று விண்டோஸில் இணைத்த போன், இன்று லினக்ஸில் பழைய எண்ணை எதிர்பார்த்து மறுக்கும். இரண்டு பக்கமும் பழைய பதிவை அழித்துவிட்டு முதலிலிருந்து இணைத்தால் சரியாகிவிடும். அரசு மடிக்கணினிகளில் இரண்டு இயங்குதளங்களும் இருந்ததால், பழைய கணினியைத் தூசி தட்டி எடுப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஐபோன் வைத்திருப்பவர்கள் இந்த வழியில் கோப்பு அனுப்ப முடியாது.

போனில் படத்தைத் தேர்ந்து, பகிர்வில் புளூடூத்தை அழுத்தி, கணினியின் பெயரைத் தொடுங்கள். சில போன்கள் பகிரும்போது இடவிவரத்தை நீக்கிவிடலாமா என்று கேட்கும். நமக்கு அது வேண்டும், நீக்காதீர்கள். லினக்ஸின் க்னோம் என்ற திரைச்சூழலில் புளூடூத் பக்கம் திறந்திருந்தால் படம் ‘டவுன்லோட்ஸ்’ அடைவில் வந்து விழும். கோப்பைக் கொண்டுவரும் ஓபெக்ஸ் என்ற நெறிமுறை அகச்சிவப்புக் காலத்தது; படத்துக்குள் என்ன இருக்கிறது என்று அது பார்ப்பதே இல்லை, கொடுத்த பைட்டுகளைக் கொடுத்த வரிசையில் சேர்க்கிறது. கோப்பு சின்னச் சின்னப் பொதிகளாகப் போகிறது. ஒவ்வொன்றின் வாலிலும் 16 பிட் சரிபார்ப்பு எண் இருக்கும். வந்த பொதியோடு அது பொருந்தாவிட்டால் கணினி ஏற்காது. போன் அதே பொதியை, பெரும்பாலும் வேறொரு தடத்தில், மறுபடி அனுப்பும். வேகம் அதிகபட்சம் நொடிக்கு இரண்டு மெகாபிட் சொச்சம். நான்கு மெகாபைட் படத்துக்கு நல்ல நிலையில் பதினைந்து நொடிக்கு மேல் ஆகும். 100 மெகாபைட் வீடியோ என்றால் ஆறு நிமிடத்துக்குக் குறையாது. அவ்வளவு நேரமும் இரண்டும் மேசை மேலேயே இருக்கட்டும்.

படம் வந்துவிட்டது. மாறாமல் வந்ததா? லினக்ஸில் ‘ஷா256சம்’ என்ற கட்டளை முதலிலேயே இருக்கும். அதற்குக் கோப்பின் பெயரைக் கொடுத்தால், கோப்பிலுள்ள ஒவ்வொரு பிட்டையும் அரைத்து 64 குறிகள் கொண்ட ஒரு ஹேஷ் எண்ணைத் தரும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் விடையில் ஏறக்குறைய பாதிப் பிட்டுகள் மாறிவிடும். போனில் டெர்மக்ஸ் போன்ற செயலி இருந்தால் அங்கேயும் இதே கட்டளையைக் கொடுத்து, இரண்டு விடையையும் ஒப்பிடலாம். ஒன்றாக இருந்தால் கழிமுகத்தில் எடுத்த அதே கோப்புதான் கணினியில் இருக்கிறது.

இது பொழுதுபோக்குக் கணக்கு இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் வைக்கும்போது சான்றிதழ் கேட்கிறது. அந்தச் சான்றிதழின் படிவத்தில் ஹேஷ் எண்ணை எழுத இடம் இருக்கிறது. எந்த முறையில் கணக்கிட்டது என்ற வரிசையில் ஷா256-இன் பெயரும் இருக்கிறது. நிபுணர் ஒருவர் கையொப்பமிட வேண்டிய பகுதி தனியே உண்டு. ஆனால் எண்ணைக் கணக்கிட்டுக் குறித்து வைப்பதை, ஆற்றில் இறால் பிடிப்பவர் வீட்டுப் பிள்ளை அன்று இரவே செய்துவிடலாம்.

ஹேஷ் எதைச் சொல்லாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கணக்கிட்ட நேரத்திலிருந்து கோப்பு மாறவில்லை என்று மட்டுமே அது காட்டும். அதற்கு முன்னால் யாரும் கை வைக்கவில்லை என்பதற்கு அது சாட்சி இல்லை. அதனால் எடுத்த அன்றே கணக்கிட வேண்டும். கோப்பின் பெயர், நாள், நேரம், 64 குறிகள் ஆகியவற்றை நோட்டில் எழுதி, கூட இருந்தவரின் கையெழுத்தையும் வாங்கிக்கொள்வது நல்லது. போனில் இருக்கும் மூலப் படத்தை அழிக்கக் கூடாது. கணினியில் இருப்பதைத் திறந்து, நிமிர்த்தி, வெளிச்சம் கூட்டிச் சேமித்தால் ஹேஷ் மாறிவிடும். அந்த வேலைகளுக்கெல்லாம் தனியாக ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.